பெட்டி போகும் ஊர்

போன மாதம் எங்கள் டி-ஷர்ட் ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு தம்பியைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள். ஷிப்மென்ட் வேலையைப் பார்க்க அங்கேயே ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று முதலாளிக்குத் திடீரென்று தோன்றியிருக்கிறது. பையனுக்கு 24 வயது, அவிநாசிக்காரன், வெளியூரில் தங்கிப் பழக்கமில்லாதவன். டீ குடிக்கப் போன இடத்தில் என்னிடம் கேட்டான். "ஏனுங்ண்ணா, நீங்க இத்தனை வருசமா தூத்துக்குடி பாக்கறீங்க. ஊரு எப்பிடிங்க இருக்கும்?" நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்ல ஊர்தான் தம்பி. வெயில்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். அவன் சரிங்க என்று தலையாட்டினான். டீ முடிந்தது, உள்ளே வந்துவிட்டோம். ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வெயில் ஜாஸ்தி, நல்ல ஊர். இதை வேலூரைப் பற்றியும் சொல்லலாம், கரூரைப் பற்றியும் சொல்லலாம். பதினேழு வருடம் தூத்துக்குடி பார்த்தவனிடம் இவ்வளவுதானா இருக்கிறது?

திருப்பூரில் எங்கள் வேலையில் 'பார்ப்பது' என்ற சொல்லே வேறு. நான் தூத்துக்குடி பார்க்கிறேன், அவர் கொச்சி பார்க்கிறார், அந்தப் பொண்ணு ஏர், அதாவது விமானச் சரக்கு, பார்க்குது என்றுதான் பேசிக்கொள்வோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், அதில் ஐ.என்.டி.யூ.டி.ஒன் என்று துறைமுகத்தின் கோடு. சாயங்காலம் பெட்டியில், அதாவது கன்டெய்னரில், சரக்கு ஏற்றி, கதவைச் சாத்தி, சீல் போட்டு, சீல் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினால் லாரி கிளம்பும். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தால் டயர் வெடித்துவிட்டது என்று அர்த்தம். காலையில் யார்டுக்குள் பெட்டி போய்விட்டது என்று தகவல் வந்தால் நிம்மதி. அங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா. இந்தச் சங்கிலியில் தூத்துக்குடி என்பது எனக்கு ஒரு ஊராக இருந்ததே இல்லை. அது ஒரு நேரம். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, கட்-ஆஃப். அதற்கு முன்னால் உள்ளே போனால் பிழைத்தோம், போகாவிட்டால் அடுத்த கப்பல், அதற்குள் சரக்கு வாங்குகிற பையர் ஏரில் அனுப்பச் சொன்னால் லாபம் மொத்தமும் விமானத்தில் போய்விடும்.

இத்தனைக்கும் அந்தப் பக்கம் போகாதவன் இல்லை. திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு ஆறு முறை போயிருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரையும் போலத்தான், பைபாஸில் ஏறி, ரோட்டோரம் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியலைப் பார்த்து, பிள்ளைகளிடம் "அதா பாரு உப்பு" என்று காட்டிவிட்டு, நேராக முருகன். 2023 வரைக்கும் ஊருக்குள் வண்டியைத் திருப்பியதே கிடையாது. திருப்ப வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது.

மொட்டை மாடியிலிருந்து ஒரு குரல்

2023 டிசம்பர் 17, 18. தென்மாவட்டங்களில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார்கள். எங்களுடைய இரண்டு பெட்டிகள் அங்கே நின்றுகொண்டிருந்தன.

அங்கே எங்களுக்காக வேலை பார்ப்பவர் ஒரு அண்ணாச்சி. கஸ்டம்ஸ் வேலையை முடித்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஃபீல்டு வேலை. அவரை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும், ஆனால் முகம் தெரியாது. அவர் குரலும், அதற்குப் பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தமும் காக்காய்ச் சத்தமும்தான் தெரியும். இரண்டு நாளாக லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கிடைத்தது. கிடைத்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "அண்ணாச்சி, நம்ம ரெண்டு பெட்டிக்கும் தண்ணி ஏறலீங்களே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார். "பெட்டி பத்திரமா இருக்கு தம்பி. நாங்கதான் மூணு நாளா மொட்டை மாடில கெடக்கோம்."

அதில் கோபம் இல்லை. கேட்ட இரண்டு விவரத்தையும் வரிசையாகச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் நான் இரண்டாவதைக் கேட்கவே இல்லையே. "பார்த்து இருங்க அண்ணாச்சி" என்று என்னமோ உளறிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் முதலாளிக்கு 'பெட்டி சேஃப்' என்று மெசேஜ் போட்டேன். அவர் கட்டைவிரல் அனுப்பினார். அதற்கும் பிறகுதான், கேன்டீனில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, மொட்டை மாடி என் மண்டையில் ஏறியது. டிசம்பர் மழையில் மூன்று நாள். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. வயதான அம்மா இருந்தால்? குழந்தை இருந்தால்? பதினோரு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். லைன் போகவில்லை.

தண்ணீர்க் கோடு

அடுத்து வந்த பங்குனியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வீட்டில் "திருச்செந்தூருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை, தூத்துக்குடிக்கு என்றதும் என் மனைவி, "அங்க என்னங்க இருக்குது?" என்றாள். ராத்திரி பஸ், மதுரையில் மாறி, எட்டயபுரம் தாண்டும்போது விடிய ஆரம்பித்தது. எங்கள் ஊர்ச் செம்மண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கரிசல் கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருந்தது. மரமென்று பார்த்தால் சீமைக் கருவேலம்தான். பழைய பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சி வண்டியோடு நின்றிருந்தார். குரலை வைத்து நெடுநெடுவென்று ஓர் ஆளை நினைத்து வைத்திருந்தேன். குள்ளமாக, நரைத்த மீசையோடு, செருப்பு முழுக்க உப்புப் பூத்து ஒரு மனிதர். "வந்திட்டியளா தம்பி" என்று என் பையை வாங்கிக்கொண்டார்.

அவர் வீட்டு ஹாலில் சுவரைச் சுற்றி ஒரு கோடு ஓடுகிறது. என் நெஞ்சு உயரம். கோட்டுக்கு மேலே இளம்பச்சை பெயின்ட், கீழே அதே பெயின்ட் பழுப்பாகிக் கொப்பளித்து உரிந்து கிடக்கிறது. கோட்டுக்கு நாலு விரல் மேலே காலண்டர் ஆணி. தண்ணீர் வடிந்து மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. பெயின்ட் அடிக்கவில்லையா என்று கேட்டேன். "அடிக்கலாம். இதையும் சேத்து அடிச்சிட்டா அடுத்து குடிவாரவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அந்தப் போனைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன், பஸ்ஸில் வாக்கியங்கள்கூட தயார் செய்திருந்தேன். அவர் முடிக்க விடவில்லை. "நீங்க பரவால்ல தம்பி. இன்னொரு பார்ட்டி, டிமரேஜ் யாரு கட்டுவான்னு கேட்டாரு." டிமரேஜ் என்றால் பெட்டி நாள் தாண்டி நிற்பதற்குக் கட்டும் தண்டம். அவர் மனைவி உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

காபி வந்தது. "அது சரி, உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்றார். அவரும் இருபது வருடமாகத் திருப்பூர் பெட்டிகளைப் பார்க்கிறார், திருப்பூருக்கு வந்ததில்லை. "ஒண்ணும் இல்லீங்க அண்ணாச்சி, எல்லாம் கம்பெனிதான்" என்றேன். "இங்கயும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வாங்க" என்று சாவியை எடுத்தார்.

வெள்ளை வயல்

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு உப்பளத்துக்குக் கூட்டிப் போனார். அந்த நேரத்துக்கே ஆட்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் மேலேயிருந்தும் அடிக்கும், கீழே உப்பிலிருந்தும் அடிக்கும், கண் கூசிப்போகும். நான் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் அப்புச்சி கிணற்றிலிருந்து மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டும்போது மண்வெட்டியோடு பின்னால் போயிருக்கிறேன். அதனாலோ என்னவோ, உப்பளத்தைப் பார்த்ததும் இது தெரிந்த இடம்தானே என்றிருந்தது. வரப்பு, பாத்தி, மடை, இந்தப் பாத்தி நிறைந்தால் அந்தப் பாத்திக்குத் திருப்பி விடுவது. போர் போட்டு எடுக்கிறார்கள் இங்கேயும், ஆனால் வருவது கடல் நீரைவிடக் கரிக்கும் நிலத்தடி நீர். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய்ச்சக் காய்ச்சக் கனம் ஏறுகிறது. அந்தக் கனத்தை அளப்பதை டிகிரி பார்ப்பது என்கிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். 25 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போதுதான் உப்பு உட்கார ஆரம்பிக்கும். கடைசிப் பாத்தியில் குனிந்து பார்த்தேன். தண்ணீருக்கு மேலே மெல்லிய ஏடு மாதிரி ஒன்று மிதக்கிறது. விரலால் தொட்டதும் உடைந்து, சின்னச் சின்னச் சதுரமாகக் கீழே இறங்கியது. பாலாடை என்று நினைத்துத் தொட்டால் கண்ணாடி.

நீளக் கம்பில் பலகை அடித்த ஒரு சாமானை வைத்து ஒருவர் உப்பை வரப்பை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்கும்போது சரசரவென்று ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவர் மனைவி கூடையில் அள்ளிக் குவியலுக்குக் கொண்டுபோனார். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் வேலை கிடையாது என்றார் அவர். நடுவில் கோடையில் ஒரு மழை பெய்தால்கூட பாத்தியில் உட்கார்ந்த உப்பு கரைந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மழை வேண்டாம் என்று சொல்கிற ஒரு விவசாயியை நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் பக்கம் மேற்கே மலை மழையை மறைத்துக்கொள்கிறது, அதே மலைதான் இவர்களையும் மறைக்கிறது. நாங்கள் அதற்காக அழுகிறோம், இவர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிக உப்பு இந்தக் கரையில்தான் விளைகிறது.

அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் நான் திருப்பூர் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "உங்க ஊருக்கும் லோடு போவும், சாயப் பட்டறைக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பு எங்கே போனது என்று எங்கள் நொய்யல் ஆற்றைக் கேட்டால் தெரியும், அதில் சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைக் கேட்டாலும் தெரியும். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி, சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்று ஆனபோது ஊரே ஸ்தம்பித்தது நினைவிருக்கிறது. இங்கே வரப்பில் வெள்ளையாக, சுத்தமாக, குவித்து ஓலை மூடி வைத்திருக்கிற அதே பொருள்தான். நாங்கள் அவர்களுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறோம், அவர்கள் எங்களுக்கு உப்பு அனுப்புகிறார்கள் என்று நான் சொன்னபோது அண்ணாச்சி, "டி-ஷர்ட் எங்கய்யா எங்களுக்கு வருது, பெட்டிதான வருது" என்றார்.

செக்கும் கப்பலும்

கோயமுத்தூர்க்காரர்களுக்கு வ.உ.சி. என்றால் மான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூடாது. வ.உ.சி. பூங்காவில் மானைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். பக்கத்திலிருக்கும் மைதானத்தில் பொருட்காட்சி பார்த்திருக்கிறோம். அவர் 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் இருந்ததும், மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டதும் பள்ளிக்கூடப் பாடம். தூத்துக்குடி பீச் ரோட்டில் நின்றபோதுதான் அந்தப் பாடத்தின் மறுபாதி எனக்குக் கிடைத்தது.

பழைய துறைமுகத்தில் தோணிகள் நின்றிருந்தன. இங்கே தோணி என்றால் படகு இல்லை. மரத்தில் கட்டிய முழுக் கப்பல். காய்கறி, வெங்காயம், செங்கல், ஜல்லி என்று மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும். மூட்டைகளைத் தோளில் தூக்கி நடைபலகையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கடலைக் காட்டிச் சொன்னார். கரையோரம் ஆழம் போதாது, அதனால் அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போடும், தோணியில் கொண்டுபோய்ச் சரக்கு ஏற்ற வேண்டும். 1914-இல் தனுஷ்கோடிப் பாதை வரும்வரை மெட்ராஸிலிருந்து கொழும்பு போகிறவர்களும் ரயிலில் இங்கே வந்துதான் கப்பல் ஏறினார்கள். 25 ரூபாய் பங்கு போட்டு 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது வ.உ.சி. விட நினைத்த கப்பல் எங்கே போக? தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு.

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். நான் வாரத்துக்கு இரண்டு முறை டைப் செய்கிற பாதை அது. லோடிங் போர்ட் தூத்துக்குடி, அடுத்தது கொழும்பு. அவர் கம்பெனிக் கப்பல்களான காலியாவும் லாவோவும் போன தண்ணீரில்தான் என் பெட்டி போகிறது. அந்தப் பாதையில் சொந்தக் கப்பல் விட்ட மனிதரைத்தான் இங்கிருந்து பிடித்துக்கொண்டுபோய் எங்கள் ஊரில் செக்கிழுக்க வைத்தார்கள். இங்கே துறைமுகத்துக்கு அவர் பெயர், 2011-இலிருந்து. எங்களிடம் பூங்காவுக்கு.

புதிய துறைமுகம் வேறு ஆகிருதி. கடலுக்குள் சுமார் நாலு கிலோமீட்டருக்கு இணையாக இரண்டு கல் கரைகளை நீட்டி, நடுவில் ஒரு செயற்கைத் தெப்பக்குளம் மாதிரி கட்டியிருக்கிறார்கள். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. எதிரே இலங்கை திண்ணைச் சுவர் மாதிரி மறைத்து நிற்பதால் கடல் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். பாஸ் வாங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. இதில் எங்களுடையது எது என்று தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. சரி, கிளம்பினோம்.

ஊருக்குள் கிரேட் காட்டன் ரோடு என்று ஒரு ரோடு இருக்கிறது. இதைத் திருப்பூர்க்காரன் எவனும் எனக்குச் சொல்லவில்லை! நெல்லைச் சீமைப் பஞ்சு மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்குப் போன காலத்தின் பெயர். 1908-இல் வ.உ.சி. பின்னால் நின்று வேலைநிறுத்தம் நடத்தி, கூலி உயர்வும் வாங்கிய கோரல் மில் தொழிலாளர்களும் இந்த ஊர்தான். பஞ்சும் ஸ்பின்னிங்கும் எங்கள் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பனிமய மாதா கோயிலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 1713-இல் கட்டியது, வெளியே அவ்வளவு வெயில் அடித்தும் உள்ளே சில்லென்றிருந்தது. முத்து? முத்துநகர் என்று ரயிலுக்கும் பீச்சுக்கும் பெயர் இருக்கிறது, முத்துக் குளிப்பு நின்றுபோய் அறுபது வருடமாகிறது. திரேஸ்புரத்தில் இன்னும் சங்கு குளிக்கிறார்கள். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது. குளிப்பவர் வீட்டில் யாரும் சங்கு வளையல் போடுவதில்லை என்றார் அண்ணாச்சி. நான் என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். ஈரோட்டில் எடுத்தது.

தம்பிக்கு

சரி, இப்போது அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் மத்தியானம் வெளியே போகாதே, வெயிலை விடப் புழுக்கம்தான் ஆளை அடிக்கும். நம் ஊரில் வேர்த்தால் காற்று வந்து உலர்த்திவிடும், அங்கே வேர்வை சட்டையிலேயே குடியிருக்கும். சாயங்காலம் கடல் காற்று வந்ததும் ஊர் மொத்தமும் பீச் ரோட்டுக்கு வந்துவிடும், நீயும் போ. பைக்கை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவு, செயினுக்கு எண்ணெய் விடு, இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் துரு. வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் சுவரைப் பார், கோடு இருந்தால் எவ்வளவு உயரம் என்று பார், மாடி கிடைத்தால் மாடியே எடு. ஜூலை 26-இலிருந்து ஆகஸ்ட் 5 வரை மாதா கோயில் திருவிழா, அந்தப் பக்கம் வண்டி போகாது, அந்த நாட்களில் அவசர வேலை வைத்துக்கொள்ளாதே, கூட்டத்தோடு போய் நில். ராத்திரி பரோட்டா கடையை அங்கே நைட் கிளப் என்பார்கள். யாராவது நைட் கிளப்புக்குக் கூப்பிட்டால் பயந்துகொண்டு வீட்டுக்குப் போன் பண்ணாதே. மக்ரூன் வாங்கினால் டப்பாவில் போட்டு இறுக்கி மூடு. முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான், காற்றுப் பட்டால் நமத்துப் போகும். நான் இரண்டு கிலோ வாங்கி பஸ்ஸில் அட்டைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், பாதி பிசுபிசுத்துவிட்டது. மீன் சாப்பிட மாட்டேன் என்று சொல்லாதே, அண்ணாச்சி வீட்டம்மா வருத்தப்படுவார். அண்ணாச்சிக்குப் போன் செய்தால் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேள், அப்புறம் பெட்டி.

இதையெல்லாம் ஒரு பழைய ஷிப்பிங் பில்லின் பின்பக்கம் எழுதி, அவன் கிளம்புகிற அன்று சாயங்காலம் கொடுத்தேன். இரண்டு பக்கம் வந்தது. அவன் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தாலும் மரியாதைக்கு முழுவதும் படித்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துத் தேடினான்.

"ஏனுங்ண்ணா, இதுல கட்-ஆஃப் டைமே எழுதலீங்ளே?"